ஊசியும் இரத்தப் பரிசோதனையும்: இரண்டு மருத்துவங்களைச் சேர்த்துச் செய்பவர் எப்படி உருவாகிறார்?

உயர்தரப் பரீட்சைப் பெறுபேறு வந்து இரண்டு கிழமை போகுமுன்னே உயிரியல் பிரிவுப் பிள்ளைகளின் உம்மா வாப்பாமார் பாடசாலைக்கு வரத் தொடங்கிவிடுவார்கள். மருத்துவபீடத்துக்கு இசட் புள்ளி காணாது. “ஸேர், இவளுக்கு வேற என்ன செய்யலாம்?” என்பார்கள். நான் தமிழ் படிப்பிப்பவன். என்னிடம் ஏன் கேட்கிறார்கள் என்று தெரியாது, ஆனாலும் கேட்கிறார்கள். அண்மைக்காலமாக அந்தக் கேள்வியோடு கைபேசியில் வந்த விளம்பரம் ஒன்றையும் காட்டுகிறார்கள். அக்குபங்சரும் ஃபங்ஷனல் மெடிசினும் சேர்ந்த டிப்ளோமா, சில மாதங்களில் முடிந்துவிடும், வீட்டிலிருந்தே படிக்கலாம் என்று அதில் இருக்கும்.

இந்த இரண்டு மருத்துவங்களையும் முறையாகச் சேர்த்துச் செய்கிறவர்கள் உண்மையிலேயே இருக்கிறார்கள். அந்தச் சேர்க்கை தொழிலாக உருவெடுத்த இடம் அமெரிக்கா. அங்கே ஒருவர் அந்த இடத்துக்கு எப்படி வந்து சேர்கிறார், யார் அவருக்கு அனுமதி கொடுக்கிறார்கள், எந்த இடத்தில் அவருடைய கை கட்டப்பட்டிருக்கிறது என்பதை விளங்கிக்கொண்டால், நமது பிள்ளைகளின் முன்னால் நீட்டப்படுகிற தாளின் பெறுமதியை நாமே நிறுத்துப் பார்த்துக்கொள்ளலாம். அதனால் அமெரிக்காவிலிருந்தே தொடங்குகிறேன்.

முதலில் பெயர்கள். அக்குபங்சர் என்பது சீனச் சொல்லல்ல. ஊசி, குத்துதல் என்ற இரண்டு இலத்தீன் சொற்களின் கூட்டு அது. ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் வைத்தியராக யப்பானில் இருந்த வில்லெம் டென் ரைனே என்பவர் 1683 இல் வெளியிட்ட இலத்தீன் நூல்தான் இந்தச் சொல்லை ஐரோப்பாவில் பரப்பியது. நமது கரையோரங்களைக் கட்டியாண்ட அதே கம்பனிதான். அதன் கணக்கில் கறுவாவோடு இப்படிச் சில சொற்களும் கப்பலேறியிருக்கின்றன. ஃபங்ஷனல் மெடிசினைத் தமிழில் ‘செயற்பாட்டு மருத்துவம்’ என்று சிலர் எழுதுகிறார்கள். எனக்கு அது அவ்வளவு பிடிக்கவில்லை, மற்ற மருத்துவமெல்லாம் செயற்படாதது போல ஒலிக்கிறது. ஆனாலும் வேறு நல்ல சொல் கிடைக்கும்வரை அதையே வைத்துக்கொள்வோம்.

அமெரிக்கப் பொதுமக்களுக்கு அக்குபங்சர் அறிமுகமான கதை பலருக்கும் தெரியும், ஆனால் பிழையாகத் தெரியும். நியூயோர்க் டைம்ஸ் பத்திரிகையாளர் ஜேம்ஸ் ரெஸ்டன் 1971 யூலையில் பீக்கிங் நகரில் இருந்தபோது அவருக்குக் குடல்வால் அழற்சி வந்தது. ஊசி குத்தியே மயக்கி வயிற்றை வெட்டினார்கள் என்று இன்றும் சொல்கிறார்கள். அப்படியில்லை. சத்திரசிகிச்சைக்கு வழக்கமான விறைப்பு மருந்துதான் கொடுக்கப்பட்டது. பிறகு வயிறு ஊதி நோவு கண்டபோதுதான் ஊசிகள் வைக்கப்பட்டன. யூலை 26 ஆம் திகதி முதற்பக்கத்தில் அவர் அதை எழுதினார். அடுத்த வருடம் ஜனாதிபதி நிக்ஸன் சீனா போனார். அதோடு ஊசி அமெரிக்காவில் ஊர்ப்பேச்சானது.

பேச்சு வேறு, சட்டம் வேறு. 1974 இல் கலிபோர்னியாவின் பாலோ ஆல்ட்டோ நகரில் மிரியம் லீ என்ற சீனப் பெண்மணி உரிமமில்லாமல் வைத்தியம் பார்த்தார் என்று கைதுசெய்யப்பட்டார். அவருடைய நோயாளிகள் திரண்டு வந்து அவருக்காகப் பேசினார்கள். அடுத்த வருடமே அந்த மாநிலத்தில் அக்குபங்சருக்கு உரிமம் வழங்கும் சட்டம் வந்தது. நெவாடா மாநிலம் 1973 இலேயே முந்திக்கொண்டிருந்தது. இன்று மிகப் பெரும்பாலான மாநிலங்களில் உரிமம் இல்லாமல் ஒருவர் ஊசி எடுக்க முடியாது. ‘எல்.ஏ.சி.’ என்று பெயருக்குப் பின்னால் போடுகிறார்களே, அதன் பொருள் உரிமம் பெற்ற அக்குபங்சர்காரர் என்பதுதான்.

அந்த மூன்று எழுத்துக்கு என்ன விலை கொடுக்க வேண்டும்? முதலில் பல்கலைக்கழகத்தில் சில வருடங்கள் படித்திருக்க வேண்டும். அதன்பின் அங்கீகாரம் பெற்ற அக்குபங்சர் கல்லூரியில் மூன்று நான்கு வருட முதுமாணிப் படிப்பு. அங்கீகாரச் சபை நெடுங்காலமாக வைத்திருந்த ஆகக் குறைந்த அளவு 1905 மணித்தியாலம். அதில் 705 மணித்தியாலம் சீன மருத்துவக் கோட்பாடும் புள்ளிகளும் உத்திகளும். 660 மணித்தியாலம் நோயாளிகளோடு சிகிச்சை நிலையத்தில். 450 மணித்தியாலம் உடற்கூறு, நோயியல் போன்ற மேலைத்தேய மருத்துவ அறிவு. மிச்சம் 90 மணித்தியாலம் ஆலோசனை வழங்கல், ஒழுக்கம், நிருவாகம். சீன மூலிகையும் சேர்த்தால் இன்னும் கூடும். கலிபோர்னியா தனி வழி போகிறது. அங்கே 3000 மணித்தியாலம், அதில் 950 நோயாளிகளின் முன்னால். பிறகு தேசியப் பரீட்சை. 1982 இல் தொடங்கப்பட்டு என்.சி.சி.ஏ.ஓ.எம். என்ற பெயரால் நெடுநாள் அறியப்பட்ட நிறுவனம் இதைச் செய்துவருகிறது. கலிபோர்னியாவுக்கு அதன் சொந்தப் பரீட்சை.

அந்த 660 மணித்தியாலத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். முதலில் மாணவர் சுவரோரம் நின்று மூத்தவர் செய்வதைப் பார்ப்பார். பிறகு மேற்பார்வையில் தானே செய்வார். உடலில் 361 மரபுவழிப் புள்ளிகள். அவற்றை மனனம் செய்வது பெரிய காரியமல்ல. குர்ஆன் மத்ரஸாவில் இருந்து வந்த பிள்ளைகளுக்கு மனனம் என்ன பாடா? ஆனால் ஒவ்வொரு புள்ளியின் கீழும் என்ன இருக்கிறது, எந்தக் கோணத்தில், எவ்வளவு ஆழம் என்பது கைக்குத்தான் தெரிய வேண்டும். கழுத்துக்கும் தோள் முனைக்கும் நடுவில் ஒரு புள்ளி இருக்கிறது. தோள் இறுக்கத்துக்கும் தலைவலிக்கும் அடிக்கடி பயன்படுவது. அதற்குக் கீழே சுவாசப்பையின் உச்சி. மெலிந்த ஆளுக்கு நேரே ஆழமாக இறக்கினால் சுவாசப்பை துளைபட்டு ஆள் மூச்சுத் திணறி ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிவரும். கடுமையான பக்கவிளைவுகள் குறைவுதான், ஆனால் நடந்தவற்றில் இது முக்கியமானது. எனவே புள்ளியைப் படத்தில் காட்டிக் கொடுக்க முடியாது. நல்ல கை வாய்த்த ஆசிரியர் மாணவரின் விரலைப் பிடித்து அந்த இடத்தில் வைத்துக் காட்ட வேண்டும். ஒருதரம் மட்டும் பாவிக்கும் ஊசி, கை கழுவுதல், பாவித்த ஊசியைப் போடும் பெட்டி என்பவற்றுக்குத் தனியான பயிற்சியும் உண்டு. ஈரல் அழற்சி ஒருவரிலிருந்து இன்னொருவருக்குத் தொற்றிய காலங்களின் பாடம் அது.

செயற்பாட்டு மருத்துவத்தின் கதை வேறு. உயிர் இரசாயனவியலாளர் ஜெஃப்ரி பிளாண்டும் அவரது மனைவி சூசன் பிளாண்டும் 1991 இல் அதற்கான நிறுவனத்தை அமெரிக்காவில் தொடங்கினார்கள். நோயின் பெயரோடு நிற்காமல் அதற்கு இட்டுச்சென்ற வழியைத் தேடுவதுதான் அதன் அடிப்படை. நோயாளியின் பிறப்பிலிருந்து இன்றுவரை ஒரு காலக்கோடு வரைவார்கள். எப்போது காய்ச்சல் வந்தது, எத்தனை தரம் அன்டிபயோட்டிக் எடுத்தார், எப்போது நித்திரை குழம்பியது, வேலை மாறியது எப்போது, துக்கம் வந்தது எப்போது? சாப்பாடு, நித்திரை, உடலசைவு, மன அழுத்தம், உறவுகள் எல்லாம் கேட்பார்கள். முதற் சந்திப்பே ஒரு மணித்தியாலத்துக்கு மேல் போகும். அதன் பிறகு இரத்தம், சில வேளை மலம், சலம் என்று பரிசோதனைகள். பிறகு உணவு மாற்றம், குறைநிரப்பு மாத்திரைகள்.

இது நல்லதுதானே என்று தோன்றும். பல இடங்களில் நல்லதுதான். 2014 இல் ஒஹாயோ மாநிலத்தின் கிளீவ்லாந்து கிளினிக் என்ற பெரிய ஆஸ்பத்திரியே இதற்கொரு நிலையம் திறந்தது. ஆனால் கவனிக்க வேண்டிய இடம் இதுதான்: செயற்பாட்டு மருத்துவத்துக்கு அமெரிக்காவில் தனி உரிமம் இல்லை. அது ஒரு சான்றிதழ். ஏற்கெனவே வைத்தியராகவோ, தாதியாகவோ, போசாக்கு நிபுணராகவோ, அக்குபங்சர்காரராகவோ உரிமம் உள்ள ஒருவர் அதற்கு மேல் வாங்கிக்கொள்வது. பிளாண்ட் தொடங்கிய நிறுவனத்தின் சான்றிதழுக்குப் பல பயிற்சி நெறிகள், ஒரு பரீட்சை, ஒரு நோயாளர் அறிக்கை எல்லாம் உண்டு. வேறு பல நிறுவனங்கள் இதைவிட மிக இலேசாகவும் கொடுக்கின்றன. யாரும் யாரையும் தடுப்பதில்லை.

ஆகவே இரண்டையும் சேர்த்துச் செய்கிறவர் சட்டத்தின் முன்னால் ஊசியின் உரிமத்தில்தான் நிற்கிறார். இரத்தப் பரிசோதனைக்கு எழுதலாமா இல்லையா என்பது கூட மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும். பொதுவாக மருந்து எழுத முடியாது. நீரிழிவுக்கு வைத்தியர் கொடுத்த மெட்ஃபோமினை நிறுத்து என்று சொல்லவும் அவருக்கு அதிகாரமில்லை.

ஏன் அக்குபங்சர்காரர்கள் இந்தப் பக்கம் சாய்கிறார்கள்? கிரிஸ் கிரெஸ்ஸர் என்பவரை உதாரணமாக எடுக்கலாம். இளமையில் இந்தோனேசியாவில் பயணம் செய்யும்போது கடுமையாக நோயுற்று, வருடக்கணக்கில் குணமாகாமல் அலைந்தவர். மருத்துவபீடம் போகவில்லை, அக்குபங்சர் முதுமாணி படித்துக் கலிபோர்னியாவில் உரிமம் எடுத்தார். பின்னர் செயற்பாட்டு மருத்துவத்தில் பேர்பெற்று, மற்ற வைத்தியர்களுக்கே பயிற்சி கொடுப்பவரானார். அவருடைய எல்லாக் கருத்தையும் நான் ஏற்கச் சொல்லவில்லை. பாதை எப்படிப் போகிறது என்று காட்டவே சொல்கிறேன்: சொந்த நோய், அலைச்சல், ஊசி, பிறகு இரசாயன அறிக்கை. இந்தத் துறைக்கு வந்த பலருடைய கதையும் இந்தச் சாயலில்தான் இருக்கிறது. சொந்த நோய் நல்ல ஆசிரியர். ஆனால் அது ஒரேயொரு நோயாளியைப் பற்றித்தான் கற்றுக்கொடுக்கும்.

சேர்க்கைக்கு உண்மையான பயனும் உண்டு. நாற்பத்தைந்து வயதுப் பெண்ணொருவர் கழுத்து நோ, தலைவலி, தீராத களைப்பு என்று வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஊசி கழுத்து நோவைக் குறைக்கலாம். ஆனால் களைப்பு இரும்புச் சத்துக் குறைவால் வந்ததென்றால் எத்தனை ஊசி குத்தினாலும் இரத்தத்தில் இரும்பு ஏறாது. ஃபெரிட்டின், தைரொயிட், வைட்டமின் பி 12, மூன்று மாதச் சீனி அளவு என்று சாதாரணமான, மலிவான நாலு பரிசோதனை விஷயத்தைச் சொல்லிவிடும். ஊசியை மட்டும் தெரிந்தவர் அந்தப் பெண்ணை ஆறு மாதம் வைத்துப் பார்த்துக்கொண்டிருப்பார். அறிக்கையை மட்டும் பார்ப்பவர் கழுத்தைத் தொட்டே பார்த்திருக்க மாட்டார். இரண்டும் தெரிந்தவர், இரும்பு ஏன் குறைந்தது, மாதவிடாய் அதிகமா, குடலில் இரத்தக் கசிவா என்று தேடுவதற்கு உரிய வைத்தியரிடம் அனுப்புவார். அனுப்பத் தெரிவதுதான் இந்தத் தொழிலில் பாதி என்பேன்.

அதே சேர்க்கையில்தான் ஆபத்தும் ஒளிந்திருக்கிறது. தலைமுடிக்கும் நகத்துக்கும் என்று பயோட்டின் மாத்திரை விற்கிறார்களே, அதை அதிக அளவில் எடுத்தால் சில ஆய்வுகூட முறைகளில் தைரொயிட் அறிக்கை பிழையாக வரும். தைரொயிட் அதிகமாக வேலை செய்வது போலக் காட்டும். அமெரிக்க உணவு மருந்து நிருவாகம் 2017 இல் இது பற்றி எச்சரித்தது. தான் கொடுத்த மாத்திரையே தான் வாசிக்கும் அறிக்கையைக் கெடுக்கிறது என்று தெரியாதவர், இல்லாத நோய்க்கு வைத்தியம் தொடங்குவார். அதிமதுரத்தை எடுங்கள். நம் வீடுகளில் இருமலுக்கு வாயில் போடுவது. சீனக் கலவைகள் பலவற்றிலும் இருக்கிறது. தொடர்ந்து அதிகம் எடுத்தால் இரத்த அழுத்தம் கூடும், பொட்டாசியம் இறங்கும். இரத்தம் உறையாமல் வாஃபரின் எடுப்பவருக்குச் சீன மூலிகையான டாங்குய் கொடுத்தால் இரத்தப்போக்கு வரலாம். 1990 களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில் உடல் மெலியச் சீன மூலிகை எடுத்த பெண்கள் பலருக்குச் சிறுநீரகம் செயலிழந்தது. ஒரு மூலிகைக்குப் பதிலாக அரிஸ்டலோக்கியா இனத்துச் செடி மாறி வந்துவிட்டது. ‘இயற்கை மருந்து, ஒன்றும் செய்யாது’ என்று சொல்லுகிறவரிடம் இந்தக் கதையைச் சொல்லலாம்.

பரிசோதனைகளிலும் தேவையில்லாதவை உண்டு. உணவு ஒவ்வாமையைக் கண்டுபிடிக்கிறோம் என்று ஐ.ஜி.ஜி. பிறபொருளெதிரியை அளக்கிறார்கள். நூறு உணவுக்கு நிறம் நிறமாகப் பட்டியல் வரும். ஒவ்வாமை நிபுணர் சங்கங்கள் இதைச் செய்ய வேண்டாம் என்கின்றன, ஏனென்றால் அந்தப் பொருள் நாம் வழக்கமாக என்ன சாப்பிடுகிறோம் என்பதைத்தான் காட்டும். பட்டியலைப் பார்த்துப் பாலையும் முட்டையையும் மீனையும் ஒரேயடியாக நிறுத்தினால் பிள்ளை மெலிவதுதான் மிச்சம். அமெரிக்கக் குடும்ப வைத்தியர் சங்கம் 2014 இல் செயற்பாட்டு மருத்துவப் பாடநெறிகளுக்குத் தொடர்கல்விப் புள்ளி கொடுப்பதை நிறுத்தியதற்கு இப்படியான காரணங்கள் உண்டு. நான்கு வருடம் கழித்து மீளாய்வு செய்தும் பெரிதாக மனம் மாறவில்லை. (மாத்திரைக் கூடு எந்த ஜெலட்டினால் செய்தது என்ற நமது கேள்வியையும் இதோடு சேர்த்துக்கொள்ளுங்கள். பலதில் எழுதியே இருக்காது.)

“இதெல்லாம் வேலை செய்யுதா?” என்று நேராகக் கேட்டால்? அக்குபங்சருக்கு ஓரளவு நல்ல ஆய்வுகள் உண்டு. ஜேர்மனியில் நாட்பட்ட முதுகு நோ உள்ள 1162 பேரை மூன்றாகப் பிரித்தார்கள். 2007 இல் முடிவு வெளியானது. முறையான ஊசி வைத்தவர்களில் 47.6 வீதத்தினருக்கு ஆறு மாதத்தில் முன்னேற்றம். புள்ளியல்லாத இடத்தில் மேலோட்டமாகப் போலி ஊசி வைத்தவர்களில் 44.2 வீதம். வழக்கமான மருந்தும் பயிற்சியும் பெற்றவர்களில் 27.4 வீதம். இதை இரண்டு விதமாக வாசிக்கலாம். ஊசிக்காரர், ‘பார், வழக்கமான வைத்தியத்தை வென்றுவிட்டோம்’ என்பார். மறுப்பவர், ‘எங்கே குத்தினாலும் ஒன்றுதானே’ என்பார். இரண்டு பேரும் சொல்வது அதே ஆய்வில் இருக்கிறது. 2018 இல் 39 ஆய்வுகளின் 20,827 நோயாளிகளைச் சேர்த்துப் பார்த்தபோது, நாட்பட்ட நோவுக்கு உண்மையான ஊசி போலி ஊசியைவிடக் கொஞ்சம் மேல் என்று தெரிந்தது. கொஞ்சம்தான். ஆனாலும் 2020 யனவரியிலிருந்து அமெரிக்க அரசின் முதியோர் காப்புறுதியான மெடிகெயார் நாட்பட்ட கீழ்முதுகு நோவுக்கு மட்டும் மூன்று மாதத்தில் 12 தடவை வரை பணம் கொடுக்கிறது. வேடிக்கை என்னவென்றால், 1905 மணித்தியாலம் படித்த அக்குபங்சர்காரர் மெடிகெயாரிடம் நேரே பற்றுச்சீட்டு அனுப்ப முடியாது. வேறொரு வைத்தியரின் மேற்பார்வை வேண்டும்.

செயற்பாட்டு மருத்துவத்துக்கு ஆதாரம் இன்னும் மெல்லியது. கிளீவ்லாந்து கிளினிக் 2019 இல் வெளியிட்ட ஆய்வில், அந்த நிலையத்துக்கு வந்தவர்கள் குடும்ப வைத்தியரிடம் போனவர்களைவிட ஆறு மாதத்தில் வாழ்க்கைத்தரப் புள்ளிகளில் கொஞ்சம் கூட முன்னேறியிருந்தார்கள். ஆனால் யார் எங்கே போவது என்று சீட்டுக் குலுக்கிப் பிரிக்கவில்லை. தாமாகத் தேடிப் போனவர்கள் உற்சாகமுள்ளவர்கள். பணமும் நேரமும் உள்ளவர்களாகவும் இருக்கலாம். அந்த வேறுபாட்டை ஆய்வால் முழுதாகக் கழிக்க முடியாது.

நமது வாசகர்களுக்கு இதில் தெரிந்த முகம் ஒன்று தென்பட்டிருக்கும். காற்று, உணவும் பானமும், உடலின் அசைவும் ஓய்வும், உள்ளத்தின் அசைவும் ஓய்வும், நித்திரையும் விழிப்பும், உடலில் தங்குவதும் கழிவதும். இவை ஆறையும் யூனானி மருத்துவத்தில் அஸ்பாப் ஸித்தா ளரூரிய்யா என்பார்கள், தவிர்க்க முடியாத ஆறு காரணங்கள். செயற்பாட்டு மருத்துவர் முதல் நாள் கேட்கும் கேள்விகளை இந்த ஆறுக்குள் அடுக்கிவிடலாம். 1037 இல் மறைந்த இப்னு ஸீனாவின் கானூனைப் படித்த ஹக்கீம் ஒருவருக்கு 1991 இல் பிறந்த இந்த முறையில் அடிப்படை எதுவும் புதிதாக இருக்காது. இரத்தப் பரிசோதனைதான் புதிது. இதைச் சொல்வது ‘எல்லாம் எங்களிடம் முன்பே இருந்தது’ என்று மார்தட்டவல்ல. பிள்ளைக்கு வழி தேடும்போது பக்கத்தில் என்ன கதவு திறந்திருக்கிறது என்று பார்க்கத்தான்.

கொழும்புப் பல்கலைக்கழகத்தில் உயிரியல் படித்த பிள்ளை யூனானிப் பட்டம் படிக்கலாம். மருத்துவபீடத்தைவிடக் குறைந்த இசட் புள்ளியோடு போகலாம். ஐந்து வருடப் படிப்பு, பிறகு ஆஸ்பத்திரியில் உள்ளகப் பயிற்சி. சித்த மருத்துவம் யாழ்ப்பாணத்திலும் திருகோணமலையிலும் இருக்கிறது. 1961 ஆம் ஆண்டின் ஆயுர்வேதச் சட்டத்தின் கீழ் இவர்களுக்குப் பதிவு உண்டு. அந்தப் பதிவுதான் அமெரிக்காவில் எல்.ஏ.சி. செய்யும் வேலையை இங்கே செய்கிறது. அதன்மேல் ஊசியையும் போசாக்கையும் கற்றுக்கொள்ளலாம். அடித்தளம் இல்லாமல் மேல்மாடியை மட்டும் யாரும் விலைக்கு வாங்குவதில்லையே.

ஊசிக்கும் இலங்கைக்கும் பழைய தொடர்பு உண்டு. வாத நோய் வைத்தியரான அன்ரன் ஜயசூரிய களுபோவில ஆஸ்பத்திரியில் நடத்திய அக்குபங்சர் கிளினிக்குக்கு வெளிநாட்டவர் தேடிவந்து பயின்றார்கள். நாளாந்தம் திரளும் ஏழை நோயாளிகளின் மத்தியில் அவர்கள் கையைப் பழக்கினார்கள். 2005 இல் அவர் காலமானார். அவர் தொடங்கிய மெடிசினா அல்டர்நேடிவா அமைப்பு உலகமெங்கும் வழங்கிய பட்டங்களைப் பற்றிய விமர்சனம் நிறைய. அதில் எனக்குப் படுவது ஒன்று: அந்தக் கிளினிக்கில் நோயாளியின் பக்கத்தில் நின்று பழகியது கையில் தங்கியது, தபாலில் போன தாளுக்கு அந்தப் பலம் இருக்க முடியாது.

செலவையும் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் இந்த முதுமாணிக்குப் பல்லாயிரக்கணக்கான டொலர் கடன்படுகிறார்கள். படித்து முடித்தபின் சம்பளத்துக்கு வேலை கிடைப்பது குறைவு, பெரும்பாலும் சொந்தக் கிளினிக்தான். செயற்பாட்டு மருத்துவத்துக்குக் காப்புறுதி பெரும்பாலும் பணம் கொடுக்காது, நோயாளியே கொடுக்க வேண்டும். அந்தப் பணம்தான் பலரை இந்தச் சேர்க்கைக்கு இழுக்கிறது என்பதை மறைக்கத் தேவையில்லை. 1983 இல் தொடங்கிய ஒரேகன் மாநிலத்து அக்குபங்சர் கல்லூரி, பேர்பெற்றது, 2024 இல் மூடப்பட்டது. மாணவர் வரவு குறைந்துவிட்டது.

இங்கே ஒரு பெண்பிள்ளை இதைக் கற்றால் அவளுக்கு வேலை இருக்கும் என்றுதான் நான் நினைக்கிறேன். முதுகையும் வயிற்றையும் திறந்து படுக்க வேண்டிய வைத்தியம் இது. ஆண் வைத்தியரிடம் போகக் கூச்சப்பட்டு நோவோடேயே இருக்கும் உம்மாமார் எத்தனை பேர்! ஆனால் விளம்பரத்தோடு வருகிற பெற்றாருக்கு ஒரு கேள்வித்தாளை நானே எழுதிக் கொடுக்கிறேன். நோயாளிக்கு முன்னால் எத்தனை மணித்தியாலம்? ஊசி வைக்கும்போது பக்கத்தில் நிற்பவர் யார், அவர் எந்தச் சபையில் பதிவு? இந்தத் தாளைக் கொண்டு இலங்கையில் எந்தச் சபையில் பதியலாம்? பிழை நடந்தால் யார் பொறுப்பு? பதிலை எழுத்தில் வாங்கி வாருங்கள், அதற்குப் பிறகு காசைப் பற்றிப் பேசலாம் என்பேன்.